பாட்டுக்குப் பூட்டுப் போட்டால் திருட்டு ஒழியுமா?

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்து ஒரு சங்கதி சொன்னார்.

அவர் மாதாமாதம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிறவர். கடலில் இன்டர்நெட் கிடையாது என்பதற்காகக் கரையிலேயே ஒரு கம்பெனியின் ஆப்பில் சுமார் இருநூறு பாட்டுகளை டவுன்லோடு செய்துகொண்டு தோணி ஏறியிருக்கிறார். சரக்கு இறக்கவும், மறு சரக்குக்குக் காத்திருக்கவும், காற்று அடங்கவுமாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வருகையில் நடுக்கடலில் ஓர் இரவு போனைத் தட்டினால் ஒரு பாட்டும் பாடவில்லை. முப்பது நாளாக இன்டர்நெட் பக்கம் வரவில்லை, வந்து தலையைக் காட்டினால்தான் பாடும் என்று எழுத்து மாத்திரம் வந்து நின்றதாம். அந்த மாதத்துப் பணமோ அவர் கணக்கிலிருந்து ஒழுங்காகப் போய்விட்டது. பாட்டுகளும் அவருடைய போனுக்குள்ளேதான் இருக்கின்றன. ஆனால் பாடாது!

அதே தோணியில் சமையல் செய்யும் பையன், ஒரு செல்போன் கடையில் சில்லறை கொடுத்து மெமரி கார்டு நிறையத் திருட்டுப் பாட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தானாம். அவன் பாட்டு போகும்போதும் பாடியது, வரும்போதும் பாடியது. "கம்பெனிக்குப் பணம் கட்டின நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கட்டாதவன் பாட்டைத்தான் தண்டல் முதல் எல்லோரும் கேட்டோம். இதில் யார் ஐயா முட்டாள்?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

அவர் முட்டாள் அல்ல. ஆனால் யோக்கியமாய்க் காசு கொடுக்கிறவனை முட்டாளாக்கும் ஏற்பாடு ஒன்று உலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது என்பதைத்தான் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். அதற்கு டி.ஆர்.எம். என்று பெயர். பாட்டை யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டி உங்கள் கையில் கொடுத்துவிட்டு, சாவியைக் கம்பெனி தன் வசமே வைத்துக்கொள்ளுவதுதான் அதன் தத்துவம். எந்தப் பெட்டியில் பாடலாம், எத்தனை பெட்டியில் பாடலாம், எத்தனை நாளைக்குப் பாடலாம் என்பதெல்லாம் சாவிக்காரன் இஷ்டம். ஏன் இந்தப் பூட்டு என்று கேட்டால், திருடர்களிடமிருந்து பாட்டைக் காப்பாற்ற என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு நம்முடைய முத்துக்குளித்துறையின் பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகின்றது. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் "கடல்கட்டி" என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவருடைய உத்தியோகம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மந்திரக்காரர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அது மாத்திரமல்ல. பகலில் கட்டின கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். ஏனென்றால், இரவில் திருட்டுத்தனமாய் யாரும் முத்தெடுக்கக் கூடாதல்லவா? வெள்ளைக்காரர் ஆட்சியிலும் கடல்கட்டிக்குச் சலாபத்தில் இடமும் வரும்படியும் இருந்தது.

நாம் கேட்கின்றோம்: இந்த மந்திரம் யாரைக் கட்டிற்று? சுறாவுக்கு மந்திரம் தெரியாது. மந்திரத்தை நம்பாத திருடன் இரவிலும் இறங்குவான். நம்பினவன் ஒருவன்தான் பங்கையும் கொடுத்துவிட்டு, இரவில் கடலுக்குப் பயந்து கரையில் நின்றிருப்பான். டி.ஆர்.எம். பூட்டின் கதையும் இதுவேதான். பூட்டை உடைத்த ஒரு பிரதி வெளியே வந்துவிட்டால், அடுத்த பத்து லட்சம் பேர் பூட்டைப் பார்க்கவே போவதில்லை. பூட்டைக் கண்ணால் பார்க்கிறவன் காசு கொடுத்தவன் ஒருவன்தான்.

இது நம்முடைய கற்பனையல்ல. ஆப்பிள் கம்பெனி 2003-ல் பாட்டுக் கடை திறந்தபோது, அங்கே வாங்கின பாட்டு அந்தக் கம்பெனியின் ஐபாடில் பாடும். மற்றக் கம்பெனிகளின் கையடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் பாடாது. மைக்ரோசாப்ட் கம்பெனி 2004-ல் "நிச்சயமாகப் பாடும்" என்ற பொருளில் "பிளேஸ்பார்ஷூர்" என்றே ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. 2006-ல் அதே கம்பெனி "சூன்" என்ற தன் சொந்தப் பெட்டியை விற்றது. நிச்சயமாகப் பாடும் என்று முத்திரையிட்ட பாட்டு அந்தப் பெட்டியில் நிச்சயமாகப் பாடவில்லை! 2008-ல் அதன் எம்.எஸ்.என். பாட்டுக் கடையில் வாங்கினவர்களுக்கு, இனிப் புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவி கொடுப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகே தவணை 2011 கடைசி வரை நீட்டப்பட்டது. சோனி பி.எம்.ஜி. கம்பெனியோ 2005-ல், விலைக்கு விற்ற சி.டி.க்குள்ளேயே வாங்கினவன் கம்ப்யூட்டரில் ரகசியமாகப் புகுந்து ஒளிந்துகொள்ளும் புரோகிராமை வைத்து, குட்டு வெளிப்பட்ட பின் அவற்றைத் திரும்ப வாங்க நேர்ந்தது. திருடனைப் பிடிக்கிறேன் என்று வாங்கினவன் வீட்டில் கன்னம் வைப்பதற்கு என்ன பெயர் சொல்லுவது?

கடைசியில் உண்மையைச் சொன்னது ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ்தான். 2007 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்குக் காட்டினார். 2006-ல் பூட்டுப் போட்டு இன்டர்நெட்டில் விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே கம்பெனிகள் பூட்டே இல்லாமல் சி.டி.யில் விற்றவை 2000 கோடிக்கு மேல். அதாவது பதினொரு வாசல் உள்ள வீட்டில் பத்து வாசலைத் திறந்து போட்டுவிட்டு, ஒன்றுக்கு மாத்திரம் பெரிய பூட்டுப் போட்டிருந்தார்கள். அவ்வருஷமே இ.எம்.ஐ. கம்பெனி பூட்டை எடுக்கச் சம்மதித்தது. 2009 ஜனவரியில் ஆப்பிள் கடைப் பாட்டு முழுவதற்குமே பூட்டு எடுப்பதாக அறிவிப்பு வந்தது. பாட்டு வியாபாரம் அதனால் மூழ்கிவிடவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. பிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் "பிளைட்" என்ற பாட்டுக் கடையைத் திறந்து, பூட்டில்லாத எம்.பி.3-ஆக விற்றது. 2013-ல் கடையை மூடிவிட்டது. கடை போனாலும், டவுன்லோடு செய்து பத்திரப்படுத்தினவரிடம் பாட்டு எந்தப் போனிலும் இன்றும் பாடும். கடைக்காரன் செத்தாலும் வாங்கின பொருள் சாகாமலிருப்பதல்லவா விற்பனை? கிராமபோன் தட்டும் கேசட்டும் அப்படித்தானே இருந்தன?

நிற்க, "அப்படியானால் பாடுபட்டுப் பாட்டு எழுதினவனும் இசை அமைத்தவனும் பட்டினி கிடப்பதா?" என்று சிலர் கேட்கலாம். கூடாது. திருட்டுப் பாட்டு ஏற்றிக் கொடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பூட்டுப் போட்டதால் அவர்களுக்கு ஒரு காசாவது கூடுதலாக வந்ததா? சினிமாப் பாட்டு எழுதினவருக்கும் இசை அமைத்தவருக்கும், சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு உபயோகப்படும்போது வரும் ராயல்டியில் பங்கு உண்டு என்று செய்தது 2012-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டமே தவிர, பூட்டல்ல.

அந்தச் சட்டத்திலேயே 65ஏ என்ற பிரிவும் வந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்றும் சொல்லுகிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டு முடிந்தால் அதன் பதிப்புரிமையும் தீர்ந்துவிடுகின்றது. சட்டத்துக்கு எண்ணமும் தெரியும், கணக்கும் தெரியும். பூட்டுக்கு இரண்டும் தெரியாது. யோக்கியனையும் திருடனையும் ஒன்றாகவே வெளியில் நிறுத்தும்.

"மாதப் பணம் கட்டுவது விலையல்ல, வாடகைதானே" என்று கம்பெனிக்காரர்கள் சமாதானம் சொல்லக்கூடும். வாடகையே என்று வைத்துக்கொள்ளுவோம். வாடகை கட்டின மாதத்திலேயே குடியிருப்பவனை வெளியில் தள்ளிக் கதவைச் சாத்தலாமா? அன்றியும் வாடகை என்றால் வாடகை என்று முகத்துக்கு நேரே சொல்லுவதற்கு என்ன வெட்கம்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், வெறும் அனுமதியை மாத்திரம் கொடுத்துவிட்டு "வாங்கு" என்று போட்டு விற்கிறவன் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று 2024-ல் சட்டம் செய்து, 2025 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவனுக்கு அதில் விலக்கும் உண்டு. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

ஆகவே, வாசகர்கள் பாட்டுக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இது என் வேறு போனிலும் பாடுமா? இந்தக் கடை நாளை மூடினாலும் பாடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். வாங்கினதற்கு ஒரு பிரதி எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். இல்லை என்றால், அது வாடகை என்று தெரிந்து வாடகைக்கு ஏற்ற பணம் மாத்திரம் கொடுங்கள். சுறாவுக்குக் கட்டாத வாயைக் கட்டினதாகச் சொல்லி இருபதில் ஒரு பங்கு வாங்கின காலம் சலாபத்தோடு போய்விட்டது. கையில் செல்போன் வைத்திருக்கும் காலத்திலும் அந்தப் பங்கை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?