நிறுத்த அறியாதவன் ஓட்டற்க!

அமெரிக்கப் படை கழித்து விற்ற ‘எம்35ஏ2’ சரக்குந்துகளை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே செப்பனிடும் ஆர்வலர்காள்! தீசலேயன்றிப் பிற எரிநெய்களையும் ஏற்று உறுமும் பொறியைப் பற்றியே பெருமை பேசுகின்றீர். அதன் தடுப்பை என்றேனும் எண்ணிப் பார்த்தீரா?

காற்றழுத்தத் துணையோடு இயங்கும் அத் தடுப்பில், நெய்மம் செல்லும் வழி ஒன்றே! ஒரு குழாய் வெடித்தால் உருளைகள் பத்தும் ஒருங்கே தடுப்பிழக்கும். கைத்தடுப்போ நிற்கும் உந்தைப் பிடித்து வைப்பதற்கே. விரைந்தோடும் 6 தொன் இரும்பை நிறுத்துவதற்கன்று.

எரிநெய்க் குழாயிற் காற்றுப் புகுந்தால் பொறி கிளம்பாது. உம் பொழுதே வீணாகும். தடுப்பு கசிந்தாலோ தெருவிற் செல்வோர் உயிர் போகும்! எது முதற் பணி?

பழந்தொய்வக் குழாய்களை இன்றே மாற்றுக! ஒவ்வொரு முறையும் நெய்ம அளவு பார்த்தே புறப்படுக! நிறுத்தவியலா உந்தை ஓட்டுதல் வீரமன்று, கொடுமை!