மூடிய கதவு

'கான் வித் தி விண்ட்' (1939) படத்தின் முடிவில் ரெட் பட்லர் மூடுபனிக்குள் நடந்து மறைகிறான். படிக்கட்டில் விழுந்து அழும் ஸ்கார்லெட், நாளையை நம்பித் தலை நிமிர்கிறாள். அவன் திரும்பி வருவானா? அந்தக் கேள்விதானே ஐயா, கதையின் உயிர்! மூல நாவலாசிரியை மார்கரெட் மிட்செல், 1949இல் மறையும்வரை அதற்குத் தொடர்ச்சி எழுத மறுத்தே வந்தார்.

பின்னாளில் வாரிசுகள் இசைந்தார்கள். அலெக்ஸாண்ட்ரா ரிப்ளியின் 'ஸ்கார்லெட்' 1991இல் நாவலாக வந்தது. 1994இல் அதையே அமெரிக்க டெலிவிஷனில் நான்கு பகுதிகளாகக் காட்டினார்கள். நாயகியை அயர்லாந்துக்கு அனுப்பி, கொலைப் பழி சுமத்தி, கடைசியில் ரெட்டோடு சேர்த்தும் வைத்துவிட்டார்கள். சுபம்!

நடித்த ஜோன் வாலியையும் திமதி டால்ட்டனையும் நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் நோக்கத்தில் இருக்கிறது. அந்தக் கதைக்குள் மீண்டும் நுழைய ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் துயரத்தை அந்த அழகிய படம் மூடி மறைத்தது, அதைச் சொல்லியிருக்கலாமே! இவர்களோ மறைத்ததை விட்டுவிட்டு, கலைக்காகச் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்கள்.

"ரசிகர்கள் கேட்டார்கள்" என்பார்கள். கேட்பார்கள்தாம். ஏங்குவது ரசிகனின் உரிமை. அந்த ஏக்கத்தை விற்றுக் காசாக்காமல் இருப்பது கலைஞனின் தர்மம்.