வழக்கில் ஒரு தரப்பு வாக்குமூலம் மட்டும் போதுமா?

ரோமுக்கும் ஈரானுக்கும் இடையே நடந்த போர்களைக் 'கிழக்குக்கும் மேற்குக்குமான எழுநூறு ஆண்டு மோதல்' என்று ஒரே வரியில் சுருக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. கி.மு. 53இல் கர்ரேயில் கிராசஸ் மடிந்ததில் தொடங்கி, கி.பி. 628இல் இரண்டாம் கவாத் அமைதி வேண்டியதில் முடியும் வரலாற்றை இவ்வாறு சுருக்குவோர் ஓர் எளிய கேள்வியைத் தவிர்க்கின்றனர்: இதைச் சொல்பவர் யார்?

கர்ரேயை விரிவாக எழுதிய புளூட்டார்க், அப்போர் நடந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின் எழுதியவர். அம்மியானுஸ் மார்செலினுஸ், 359இல் முற்றுகையிடப்பட்ட அமீதாவுக்குள் இருந்த ரோமானியப் படை அதிகாரி. புரோக்கோப்பியுஸ், தளபதி பெலிசாரியுசிடம் பணிபுரிந்தவர். இவர்களுடைய நூல்கள் இன்றியமையாதவை, ஐயமில்லை. ஆனால் ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுபவரை எவரும் நடுவர் என்பதில்லை.

மறுதரப்பு ஊமையன்று. நக்ஷ்-இ ருஸ்தமில் உள்ள கற்கட்டடத்தின் சுவர்களில் முதலாம் ஷாபூர் தம் போர்களை இடைக்காலப் பாரசீகம், பார்த்தியம், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்துவைத்தார். 244இல் மூன்றாம் கோர்தியன் போர்க்களத்தில் வீழ்ந்தார் என்கிறது அக்கல்வெட்டு. ரோமானிய மரபோ பிலிப்பின் சூழ்ச்சியைக் காரணம் காட்டுகிறது. அந்தப் பிலிப்பே 5,00,000 தினாரியம் கொடுத்து உயிர்களை மீட்டுச் சென்றதாகவும், பின்னர் சீசர் சொல் தவறி அர்மீனியாவுக்குத் தீங்கிழைத்ததே அடுத்த போருக்கு வித்திட்டதாகவும் கல்வெட்டு வழக்குரைக்கிறது.

'அரசரின் தற்புகழ்ச்சியை நம்பலாமா?' என்று கேட்கப்படும். கேட்கத்தான் வேண்டும். 260இல் வலேரியனின் படை 70,000 பேர் கொண்டது என்னும் கணக்கையும், அவரை ஷாபூர் தம் கையாலேயே சிறைப்பிடித்தார் என்னும் பெருமையையும் அப்படியே ஏற்க இயலாது. பல்மைராவின் ஒதைநாதுஸ் பின்னர் ஷாபூரின் படைகளைத் தாக்கி விரட்டியது குறித்து அக்கல்வெட்டு வாய் திறப்பதில்லை. ஆயினும் இதே ஐயம் மறுபக்கம் பாயாதது ஏன்? சிறைப்பட்ட வலேரியனின் முதுகில் கால் வைத்து ஷாபூர் குதிரையேறினார் என்னும் கதையைச் சொன்னவர் லாக்டான்டியுஸ். கிறித்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர்கள் இழிவாக மாண்டனர் என்று நிறுவுவதே அவர் நூலின் நோக்கம். அக்கதை மட்டும் ஐயமின்றி ஒப்பிக்கப்படுகிறது.

பெயரிலிருந்தே பிழை தொடங்குகிறது. அக்கல்வெட்டில் 'பார்ஸ்' என்பது நாட்டின் பெயரன்று, மாகாணங்களுள் ஒன்றின் பெயர். ஷாபூர் தம் ஆட்சிப்பரப்பை 'ஏரான்ஷஹ்ர்' என்றே குறித்தார். கிரேக்கர் சூட்டிய பெயரால் மட்டும் ஒரு பேரரசை அழைத்துக்கொண்டு, அதன் தரப்பையும் அறிந்துவிட்டதாகக் கருதுவது பேதைமை.

'நாகரிக மோதல்' என்னும் வாய்பாடும் இங்கே உடைகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இவ்விரு பேரரசுகளும் போரிட்டவை 421-422இலும் 440இலுமாக இரண்டு குறுகிய போர்களே. ஜஸ்டினியனும் முதலாம் குஸ்ரோவும் 562இல் ஐம்பதாண்டு அமைதி ஒப்பந்தம் செய்தபோது, அது கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கப்பட்டது. ரோம் ஆண்டுக்கு 30,000 பொற்காசுகள் தர இசைந்தது. வணிகர் எந்தச் சுங்கச்சாவடிகள் வழியே செல்ல வேண்டும் என்பதுகூட வரையறுக்கப்பட்டது. போரிட்ட அரசுகளே ஒன்றன் மொழியை மற்றொன்று பொருட்படுத்தின. அப்போரை ஆராய்வோர் பொருட்படுத்த மறுப்பது விந்தை.

இந்தியக் கல்வியுலகுக்கு இதில் சாக்கு சொல்லும் உரிமையே இல்லை. ஷாபூரின் கல்வெட்டு மொழிக்கு உறவான பஹ்லவி நூல்களை நூற்றாண்டுகளாகப் படியெடுத்துக் காத்தோருள் குஜராத்தின் பார்சி குருமார்களும் உண்டு. ஏடுகள் இந்த மண்ணிலேயே இருந்தன. அம்மொழியைக் கற்பிக்காமல் அப்போர்களின் வரலாற்றைக் கற்பிப்பது, ரோமின் போர் அறிக்கைக்கு மாணவரைக் கையொப்பமிடச் செய்வதேயாகும்.