ஆடிப்பட்டம் பனிநாட்டிலும் உண்டு



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கத்தரியில் புழு, மிளகாயில் இலைச் சுருட்டு என்றுதான் இருக்கும். இம்முறை வந்த ஒரு கடிதம் வேறு வகை. பத்தாங் காலிப் பக்கத்துத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். லயத்து வீட்டுக் கொல்லையில் நாற்பது ஆண்டுகள் கீரை போட்ட கை அவருடையது. மகளைக் கனடாவில் டொரொண்டோ நகரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் அம்மாவைப் போலவே முளைக்கீரை விதைத்தாள். ஏப்ரலில் தூவியது முளைக்கவே இல்லை. ஆகஸ்டு கடைசியில் தூவியது முளைத்தது, ஆனால் மெல்ல வளர்ந்து, அக்டோபரில் ஒரே இரவு உறைபனியில் வெந்தது போல் கருகிவிட்டது. தாம் கற்ற வேலை அந்த மண்ணுக்கு உதவாதோ என்று அந்தத் தாய் கேட்கிறார்.

உதவும், அம்மா. கை அதேதான். கணக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

நம் உலு யாமில் ஆண்டு முழுதும் ஒரே வெயில். பகல் பொழுது எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரம். நாம் மழையைப் பார்க்கிறோமே தவிர மாதத்தைப் பார்ப்பதில்லை. இன்று தவறினால் நாளை விதைக்கலாம். அங்கே அப்படியில்லை. டொரொண்டோவில் வசந்த காலத்து உறைபனி மே மாத முற்பகுதி வரைகூட எட்டிப் பார்க்கும். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அவர்களுக்கு விக்டோரியா நாள் விடுமுறை. அது கழிந்த பிறகுதான் தக்காளி, கத்தரி போன்ற மென்மையான செடிகளை வெளியே நடுவது அவ்வூர்த் தோட்டக்காரர் வழக்கம். அக்டோபரில் உறைபனி திரும்பிவிடும். ஆக, கையில் இருப்பது ஐந்து மாதத்துக்கும் குறைவு.

இந்தக் குறுகிய காலத்தை அளந்து பயன்படுத்தக் கற்றுத்தரும் செடி ஒன்று உண்டு. அதன் பெயர் எண்டைவ். நம்மில் பலர் பார்த்திராத கீரை. மத்தியதரைக்கடல் பக்கத்துச் சொத்து. ஒரு வகைக்கு இலை சுருள் சுருளாக இருக்கும். மற்றொரு வகைக்கு அகன்ற இலை. அதை எஸ்கரோல் என்பார்கள். இரண்டும் தரையோடு ரோஜாப்பூ விரிந்தாற்போல் வளரும்.

இது நமக்கு அந்நியச் செடி என்று எண்ண வேண்டாம். காப்பித்தூளில் கலக்கும் சிக்கரி இருக்கிறதே, அதன் உடன்பிறந்த செடிதான் எண்டைவ். சிக்கரியின் வேரை வறுத்து அரைத்தால் காப்பியில் சேர்க்கும் பொடி. எண்டைவின் இலையைக் கிள்ளினால் கீரை. தண்டை வெட்டினால் வெள்ளையாகப் பால் வடியும். பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு அது வியப்பில்லை. இதே கூட்டத்தைச் சேர்ந்த டான்டிலியன் செடியின் ஒரு வகையைக் கசகஸ்தான் மலைப்பகுதியில் கண்டெடுத்து, 1930களில் சோவியத் நாடு ரப்பருக்காகவே பயிரிட்டது. அதன் வேரில் உண்மையான ரப்பர் இருந்தது. போருக்குப் பின் பால்மர ரப்பர் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பயிர் கைவிடப்பட்டது. இல்லையேல் பனிநாட்டிலும் ஒரு பிரட்டுக்களம் உண்டாகியிருக்கும்!

குளிர்நாட்டுக் காய்கறி நம் மக்களின் கைக்கும் புதிதன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் வீடு கட்டி, சீமைக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். தமிழகத்தில் இன்றும் அவற்றுக்கு ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே பெயர். இலங்கையில் நுவரெலியா மண்ணில் சாமுவேல் பேக்கர் 1840களில் அத்தகைய பயிர்களுக்கு வித்திட்டார். கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரின் மலைச்சரிவுகளில் லீக்ஸும் கேரட்டும் விளைவிக்கும் கைகளில் மலையகத் தமிழர் கைகளும் உண்டு. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் சில மாதங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்.

நம் கேமரன் மலையின் கதை வேறு. 1885ல் வில்லியம் கேமரன் அளந்து கண்ட அந்த மலையில் சலாட்டும் முட்டைக்கோசும் ஆண்டு முழுதும் விளைகின்றன. 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. நாட்டிலேயே பதிவான மிகக் குறைந்த குளிர் அது. அப்போதும் உறைநிலையைத் தொடவில்லை. குளிர் வேறு, குறுகிய காலம் வேறு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். கேமரனில் குளிர் உண்டு, அவசரம் இல்லை. டொரொண்டோவில் இரண்டும் உண்டு.

இனி எண்டைவின் குணத்தைப் பார்ப்போம். முளைத்துச் சில வாரமே ஆன நாற்றைக் கடும் குளிர் தொட்டால், குளிர்காலம் வந்து போய்விட்டதென்று செடி எண்ணிக்கொள்ளும். பிறகு பகல் நீண்டதும், இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டை மேலே எழுப்பும். டொரொண்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். ஆகவே ஏப்ரலில் ஆசையாக விதைத்த எண்டைவ், ஜூலையில் கசந்து, பூத்து, குச்சியாக நிற்கும். காலம் குறைவு என்பதற்காக முந்திக்கொண்டு விதைப்பது இந்தச் செடிக்கு ஆகாது.

அப்படியானால் எப்போது விதைப்பது? முன்னோக்கி எண்ணாதீர்கள், பின்னோக்கி எண்ணுங்கள். எண்டைவ் முழுதாக வளர ஏறக்குறைய 90 நாள் வேண்டும். உறைபனி தொடங்குவது அக்டோபர் நடுவில் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 90 நாளைக் கழித்தால் எங்கே நிற்கிறோம்? ஜூலை நடுவில்! ஜூலை 17 வாக்கில் நமக்கு என்ன மாதம் பிறக்கிறது? ஆடி! ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நம் முன்னோர் காவிரிக்கரையில் சொன்ன பழமொழி, ஒண்டாரியோ ஏரிக்கரையில் இந்தக் கீரைக்கு அப்படியே பொருந்துகிறது. காரணம் வேறு. இங்கே ஆடி மழையை நம்பிச் சொன்னது, அங்கே ஐப்பசிப் பனிக்கு அஞ்சிக் கணக்கிட்டது. ஆனால் நாள் ஒன்றே.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜூன் தொடக்கத்திலிருந்து ஆடி பிறக்கும் வரை அந்தப் பாத்தி சும்மா கிடக்கிறது அல்லவா? அதுதான் நம் முளைக்கீரையின் காலம். வெயிலும் நீண்ட பகலும் சேர்ந்திருக்கும்போது முப்பது, நாற்பது நாளில் முளைக்கீரை பறிப்புக்கு வந்துவிடும். முதல் பாதிக்கு நம் கீரை, இரண்டாம் பாதிக்கு அவர்கள் கீரை. ஒரே பாத்தியில் இரண்டு நாடு!

செய்முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். வெட்டி அனுப்புவோருக்கு வசதியாக இருக்கும்.

ஜூலை நடுவில் விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றவும். கோடை வெயிலில் மண் சூடேறினால் முளைப்புக் குறையும். நிழலில் ஒரு தட்டில் நாற்றுவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கி நடுவது மேல். செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி வேண்டும். நீர் தவறக்கூடாது. தாகத்தில் வளர்ந்த எண்டைவ் அதிகம் கசக்கும். அக்டோபரில் வரும் சிறிய உறைபனியை வளர்ந்த செடி தாங்கும். கடும் பனி என்று வானிலை அறிக்கை சொன்னால் இரவில் பழைய துணியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடவும்.

செடி முழுதாக விரிந்ததும் கசப்பைத் தணிக்க ஒரு வழி உண்டு. இலை நன்றாக உலர்ந்திருக்கும் நாளில் வெளி இலைகளைக் கூட்டி நூலால் கட்டவேண்டும், அல்லது ஒரு சட்டியைக் கவிழ்க்கவேண்டும். இரண்டு வாரம் போனால் நடுக்குருத்து வெளுத்து மென்மையாகும். ஈர இலையைக் கட்டினால் அழுகிவிடும். மாரியம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் முளைப்பாரி போட்ட தாய்மாருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெயில் படாத பயிர் ஏன் வெளிர் மஞ்சளாகிறது என்பது அவர்கள் கண்டறிந்த பாடம்.

பனி மூடிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எண்டைவின் தங்கையான சிக்கரியில் ‘விட்லூஃப்’ என்று ஒரு வகை. பெல்ஜியம் நாட்டுப் பிளெமிஷ் மொழியில் ‘வெள்ளை இலை’ என்று பொருள். அதைக் கோடை தொடக்கத்தில் விதைத்து, அக்டோபரில் கிழங்கு போன்ற வேரைத் தோண்டி, இலையை ஓரங்குலம் விட்டு அறுத்துவிடுவார்கள். பிறகு வாளியில் ஈரமணல் இட்டு வேர்களை நிறுத்தி, வீட்டின் நிலவறையில் வெளிச்சம் புகாமல் மூடிவைப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் வேரில் சேர்ந்திருந்த சத்தெல்லாம் கூம்பிய வெள்ளைக் குருத்தாக எழும்பும். நாம் தவ்கே முளைக்க வைப்பதன் பெரிய அண்ணன் இது. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே பச்சைக் கறி!

கசப்பு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பாகற்காயும் சுண்டைக்காயும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். இத்தாலியர் அகன்ற இலை எண்டைவைப் பூண்டும் வெள்ளை அவரையும் சேர்த்துச் சமைக்கிறார்கள். நம் வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்தால் கூட்டு. அவ்வளவுதான் வேறுபாடு.

இங்குள்ளவர்களும் முயன்று பார்க்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, கொல்லை போய், அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மாடத்தில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் ஒரு தொட்டி போதும். விதையை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்துப் பிறகு ஊன்றுங்கள். நம் வெயிலில் முழுச் செடிக்குக் காத்திருக்க வேண்டாம். இளம் இலையாகவே கிள்ளி எடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடித உறையில் விதை போட்டு அனுப்பாதீர்கள். நாடு விட்டு நாடு விதை போக விதிகள் உண்டு, விதை அங்கேயே கடையில் கிடைக்கும். அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊரில் கடைசி உறைபனி எப்போது? முதல் உறைபனி எப்போது? பதில் வந்ததும் ஒரு நாட்காட்டியை எடுத்து நீங்களே பின்னோக்கி எண்ணி, விதைக்கும் நாளைக் குறித்து அனுப்புங்கள். பயிரின் வயதும் பருவமும் அறிந்த உங்களுக்கு அது அரைமணி நேர வேலை.

அடுத்த இதழில் சந்திப்போம்.