ஏற்றிப் போன வண்டியும் வீடு சேர்க்கும் வண்டியும்

"உப்பூருக்கு இருப்புப்பாதையா? ஏறுவதற்கு ஆள் எங்கே?" என்று கேட்கிறார்கள், வரைபடத்தை விரித்து வைத்திருக்கும் கனவான்கள். கேள்வி சிறியது, உள்ளே ஒளிந்திருக்கும் ஏளனம் பெரியது. மோர்ப்பண்ணையிலே வலை இழுப்பவன் ஆளில்லை. திருப்பாலைக்குடியிலே மீன்கூடை சுமப்பவள் ஆளில்லை. உப்பளத்திலே உச்சிவெயிலில் உழைப்பவனும் ஆளில்லை! அப்படித்தானே?

கணக்குக் கேட்போருக்குக் கணக்கோடு பதில் தருவோம், தோழர்களே! அதற்காகச் சென்னை வரை ஒருமுறை சென்று திரும்புவோம்.

1931-ஆம் ஆண்டு மே திங்கள் 11-ஆம் நாள், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. ஆண்டவன் வெள்ளையன். ஓட்டியது தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி. பம்பாய் 1925-இலேயே மின்சார வண்டியைக் கண்டது. ஆறே ஆண்டுகளில் சென்னையும் கண்டது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. ஓடியது மீட்டர் பாதையிலேதான்.

அந்நாளில் அந்தப் பாதையின் இருமருங்கும் மாடமாளிகைகளா நின்றன? மாம்பலத்திலே பரந்து கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். அதற்கும் தெற்கே வயலும் ஏரியும் தோப்பும்தாம்! "ஆள் எங்கே?" என்று அன்று எவனும் கைவிரிக்கவில்லை. வண்டி வந்தது. வாடகை குறைந்த இடம் நாடிக் குமாஸ்தா குடியேறினான், தொழிலாளி குடிசை போட்டான், கடைக்காரன் பின்தொடர்ந்தான். பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் தழைத்தன. ஊர் வளர்ந்ததால் வண்டி வந்தது என்பது பாதிக் கதை. வண்டி வந்ததால் ஊர் வளர்ந்தது என்பது மறைக்கப்படும் மறுபாதி!

அதோடு நின்றதா? 1995-இல் சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. 2004-இல் பழைய மீட்டர் பாதை வண்டி விடைபெற, அகலப்பாதை அதன் இடத்தைப் பிடித்தது. 2015-இல் மெட்ரோ வந்தது. நமக்குப் பொறாமை இல்லை. சென்னையும் நம் ஊரே. அங்கே அந்த வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால், தலைநகருக்குத் தரப்பட்ட நீதி கடைக்கோடிக்கு ஏன் இல்லை?

நம் பக்கம் பாதையே போடவில்லை என்று சொல்லமாட்டேன், போட்டார்கள். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது இருப்புப்பாதை. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார்! 'போட் மெயில்' என்று பெருமையாகப் பேசினார்கள். யாருக்காக அந்தப் பெருமை? மண்டபம் முகாமிலே வரிசையில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டானே வறண்ட பூமியின் உழவன், அவன் அறிவான்! 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியைப் புயலும் கடலும் சேர்ந்து விழுங்கின. அதன்பின் அந்தப் பாதை மணலுக்குள் மறைந்தது.

காலையில் கொண்டுபோய் மாலையில் வீட்டிலே சேர்க்கிறது தாம்பரத்து வண்டி. நம் வண்டியோ ஏற்றிப் போனது. திரும்பக் கொண்டுவருவதைத் தன் வேலையாகக் கருதவே இல்லை. இன்றும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்!

2025 ஏப்ரல் 6-இல் பாம்பனிலே புதிய பாலம் திறந்தார்கள். ஏறத்தாழ 550 கோடி ரூபாய்! வேண்டும்தான், வரவேற்கிறோம். ஆனால், இரண்டு கிலோமீட்டர் கடலைக் கடக்கத் துணிந்தவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் வரை கட்டாந்தரையைக் கடக்கத் துணிவில்லையே! 2018-இல் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று நமக்குப் பட்டம் சூட்டினார்கள். விழைவது நம் வேலையாம். முன்னேற்றுவது எவர் வேலை?

"கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறதே, பேருந்து போதாதா?" என்பார்கள். மீன்கூடையோடு ஏறும் தாயைக் கண்டு முகம் சுளிக்காத பேருந்து எத்தனை? சென்னைப் புறநகர் வண்டியிலே கூடைக்காரர்களுக்கென்று தனிப் பெட்டியே உண்டு! நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் பாடம் போயிற்று. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் இரவும் போயிற்று. ஓராண்டு ஓடிப் பார்த்தேன். பிறகு படிப்பு என்னை விட்டு ஓடிவிட்டது. எனக்கு மேடை கிடைத்தது, பிழைத்தேன். என்னோடு அந்தப் பேருந்துக்காக நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு வெயிலுகந்தவர் என்று பெயர். அவர் வெயிலை உகந்திருக்கலாம். சாலையோரம் காத்து நிற்கும் நாம் உகக்கவில்லை!

ஆகவே, தோழர்களே, ஊர் ஊராகச் செல்லுங்கள். படிக்கப் போகும் பிள்ளை எத்தனை, வேலைக்குப் போகிறவர் எத்தனை, கூடை எத்தனை, மூட்டை எத்தனை என்று வீடு வீடாக எண்ணுங்கள். "ஆள் எங்கே?" என்று கேட்டவர்களின் மேசைமீது அந்த ஏட்டை வையுங்கள். நாம் கேட்பது ஊரைவிட்டு ஏற்றிப் போகும் வண்டியை அல்ல. அந்தி சாயுமுன் நம்மை வீடு சேர்க்கும் வண்டியை!