ஐந்து வாரக் கல்யாணம், ஏழு வாரக் கர்ப்பம்!

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிற நண்பர், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். சீட்டு முழுக்கக் கூட்டல், கழித்தல்.

"அண்ணாச்சி, கல்யாணம் பிப்ரவரி 9. லேடி டாக்டர்ட்ட போனது மார்ச் 16. எத்தன நாளு?"

"முப்பத்தஞ்சு."

"அஞ்சு வாரம்தான? டாக்டரம்மா ஏழு வாரம்னு எழுதியிருக்காங்க."

சொல்லிவிட்டு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு இருந்தார். ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லையாம். நல்லவேளை, வீட்டில் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தப் பெண் அறுபதாம் கல்யாணத்திலும் அதை மறந்திருக்காது. இந்த ரெண்டு வாரக் கணக்கு உதைத்ததற்காகப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்ட புத்திசாலிகள் உண்டு என்று கேள்வி.

விஷயம் இதுதான் சார். கரு உண்டான நாளிலிருந்து டாக்டர்கள் எண்ணுவதில்லை. அது எந்த நாள் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. திட்டவட்டமாகத் தெரிகிற ஒரே தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாள். அங்கிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். கரு உண்டாவது சாதாரணமாக அதற்கு ரெண்டு வாரம் கழித்து. ஆக, முதல் ரெண்டு வாரக் கர்ப்பத்தில் கர்ப்பமே கிடையாது! பி.காம். பாஷையில் சொன்னால், கடை திறப்பு விழா பிப்ரவரி 9. ஆனால் வெள்ளையடித்த செலவு ஜனவரி 26-லிருந்தே பேரேட்டில் ஏறிவிட்டது. நண்பரின் மனைவி டாக்டரிடம் சொன்ன தேதியும் அதுதான், குடியரசு தினம். எண்ணிப் பாருங்கள். ஏழு வாரம், டாண் என்று!

பிரசவத் தேதிக்கும் குறுக்கு வழி உண்டு. அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். நவம்பர் 2 வருகிறதா? நேகலே என்ற ஜெர்மன் டாக்டர் பெயரால் வழங்குகிற கணக்கு இது. மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறவர்களுக்கு ஸ்கேன் பார்த்துத் திருத்துவார்கள். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள். சொன்ன தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான்.

நம்ம பாட்டிமாருக்கு நேகலேயைத் தெரியாது, கணக்கு தெரியும். 'முழுகாம இருக்கா' என்றார்களே, அது என்ன? விலக்கு முடிந்து தலைமுழுகிய தேதியிலிருந்து எண்ணுகிற கணக்குதான். (குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக் கிடந்த கரிசல் சீமையில் ஆணும் பெண்ணும் முழுகாமல்தான் இருந்தோம் என்பது வேறு விஷயம்!)

சரி, ஏழாவது வாரத்தில் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு நிலக்கடலைப் பருப்பு சைஸில், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு ஜீவன். இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும். மூளை, முதுகுத் தண்டுக்கான குழாய் ஆறாவது வாரத்திலேயே மூடிக்கொண்டிருக்கும். அதாவது, மெடிக்கல் ஷாப்பில் டெஸ்ட் கார்டு வாங்கலாமா என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள்! அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆரம்பிக்கவில்லையா, இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

வெளியே ஒன்றும் தெரியாது. வயிறு தட்டையாகத்தான் இருக்கும். "சும்மாதான படுத்திருக்கா" என்று உங்களுக்குத் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். அது சோம்பல் இல்லை சார். உள்ளே நைட் ஷிப்ட், டே ஷிப்ட் ரெண்டும் நடக்கிறது.

பிறகு மசக்கை. வெள்ளைக்காரன் இதற்குக் 'காலைக் குமட்டல்' என்று பேர் வைத்தான். நம்ம வீடுகளில் அது நேரம் காலம் பார்ப்பதில்லை. ஆறாவது வாரத்தை ஒட்டி ஆரம்பித்து, ஒன்பதாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு நாலாவது மாதத்தில் அடங்கும். தாளிக்கிற வாசனை ஆகாது. உங்கள் தலைக்கு எண்ணெய் ஆகாது. சில நாள் நீங்களே ஆகாது! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் கடலை மிட்டாயை ஆசையாக வாங்கிக்கொண்டு போவீர்கள். மூக்கைப் பொத்திக்கொள்வார். கோபப்படாமல் நீங்களே தின்றுவிடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும் என்பதால், எழுந்ததும் ரெண்டு ரஸ்க்கோ ஒரு கைப் பொரியோ நீட்டுங்கள். ஆனால் குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கடுத்துப் போகிறது என்றால், "எல்லாருக்கும் வர்றதுதான" என்று வசனம் பேசாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, மண் ஆசை. முதல் மழை விழுந்த கரிசல் காட்டு வாசனை நமக்கே ஒரு மாதிரி இழுக்கும். மசக்கைக்காரிக்குக் கேட்கவா வேண்டும்? மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி என்று ஒளித்து வைத்துத் தின்பார்கள். சமாசாரம் சங்க காலத்திலேயே உண்டு. புறநானூற்றின் 20-ம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனைப் புகழ்கிறார். உன் மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்று! ராஜாவுக்கு அது பெருமை. உங்களுக்கு அது எச்சரிக்கை. இரும்புச் சத்துக் குறைவுக்கும் இந்த ஆசைக்கும் தொடர்பு உண்டு. மண்ணோடு புழு முட்டையும் போகும். திட்டாமல் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தெரிய வந்த கர்ப்பங்களில் பத்துக்கு ஒன்று, சில கணக்கில் ரெண்டு, தங்குவதில்லை. அநேகமாக முதல் 12 வாரத்துக்குள்ளேயே கலைகிறது. முக்கால்வாசி, கரு உண்டாகும்போதே குரோமோசோமில் விழுந்த பிழைதான் காரணம். ஆனால் நம்ம வீட்டு விசாரணைக் கமிஷன் அதையா எழுதும்? "அன்னிக்கே சொன்னேன், பஸ்ல போகாதேன்னு." "மாடிப்படி ஏறுனா." "யார் வீட்லயோ பப்பாளி தின்னாளாம்." அழுதுகொண்டு படுத்திருக்கிறவளைச் சுற்றிக் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். வாசிக்கிறவர் உங்கள் அம்மாவாகவே இருந்தாலும், "எம்மா, இது அவ செஞ்சது இல்ல, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். அப்புறம் ரூமுக்குள் போய் ரகசியமாகச் சொல்வது செல்லாது.

லேசாக ரத்தம் பட்டாலே கலைந்துவிட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். பலருக்குப் பட்டு, நின்று, நல்லபடியாகப் பிள்ளை பிறந்திருக்கிறது. டாக்டரிடம் கட்டாயம் காட்டணும், அவ்வளவுதான். ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டையில் குத்தல் என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று பார்க்காமல் 108-க்குப் போன் போடுங்கள்.

'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்' என்பது பல வீடுகளில் வழக்கம். ஊருக்குச் சொல்லாதீர்கள், சரி. கிராம சுகாதார செவிலியரிடமும் மறைத்தால் எப்படி? 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி நம்பர் வாங்கணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் என்று 2018-ல் உயர்த்தினார்கள். தகுதி உள்ளவர்களுக்கு அதற்கும் இந்தப் பதிவு வேண்டும்.

செக்கப் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் பாருங்கள். வரிசையாக பைக், பைக் மேல் கணவன்மார், கையில் செல்போன். உள்ளே வரலாம் சார். யாரும் ஊசி போட மாட்டார்கள்!