டீயை நிறுத்தினால் பென்ஷன் வந்துவிடுமா? இருபதுகளில் இருப்பவர்களின் சேமிப்புக் கணக்கு

மாதத்தின் முதல் நாள். சம்பளம் வந்துவிட்டதாக வங்கியிலிருந்து மெசேஜ் வரும். அடுத்த அரை மணி நேரத்திலேயே பணம் போனதற்கான மெசேஜ்களும் வரிசையாக வந்துவிடும். வாடகை, ஊருக்கு அனுப்பியது, கல்விக் கடன் தவணை... இருபத்தாறு வயதில் எனக்கு மாதாமாதம் நடப்பது இதுதான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இதேதான் நடக்கும்.

அந்த நேரம் பார்த்து ரீல்ஸில் ஒருவர் வருவார். “தினமும் குடிக்கிற டீ, காபியை நிறுத்துங்க, அறுபது வயசுல நிம்மதியா இருக்கலாம்” என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவார். வீட்டிலும் “உங்க தலைமுறைக்குக் காசோட அருமை தெரியல” என்பார்கள்.

உண்மையிலேயே எங்களுக்குச் சேமிக்கத் தெரியலையா, இல்லை சேமிக்க முடியலையா? கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

பணம் எங்கே போகிறது?

ஓர் உதாரணம். சென்னையில் கையில் 28,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர். நண்பருடன் சேர்ந்து இருக்கும் வீட்டில் அவருடைய பங்கு வாடகை 8,000. சாப்பாடு 7,000. ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000. கல்விக் கடன் தவணை 3,000. பஸ், மெட்ரோ, பெட்ரோல் 2,500. போன், கரண்ட் பில் 1,000. மொத்தம் 26,500. மிச்சம் 1,500 ரூபாய்.

இதில் துணி இல்லை, மருந்து இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வைக்கும் மொய் இல்லை. 15 ரூபாய் டீயைத் தினமும் ஒன்று குறைத்தால் மாதம் 450 ரூபாய் மிச்சமாகும். அதை வைத்து எதிர்காலத்தைக் கட்டிவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம். அந்த ‘ஒப்பந்தம்’ என்ற வார்த்தையை வைத்தே பல வீடுகளில் அதற்கு மேல் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் சேமித்த பணம் முழுவதும் வட்டியில்லாமல் வீட்டு உரிமையாளரிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிஎஃப் இருக்கிறதே, போதாதா?

ஒரு காலத்தில் அரசு வேலை என்றாலே பென்ஷன் உறுதி. தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1க்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய முறை நின்றுபோனது. தனியார் வேலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிஎஃப்தான் கதி.

அது எப்படி வேலை செய்கிறது? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள். நிறுவனமும் 12 சதவீதம் போடும். நிறுவனம் போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கும், 3.67 சதவீதம் நம் பிஎஃப் கணக்குக்கும் போகும்.

சிக்கல் சம்பள உச்சவரம்பில் இருக்கிறது. 2014 செப்டம்பரில் அது 6,500லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதன்பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே வரம்புதான். பல நிறுவனங்கள் உங்கள் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் 15,000க்கு மட்டுமே பிஎஃப் கட்டுகின்றன. நம் பங்கு 1,800, நிறுவனம் போடுவதில் 550. ஆக, மாதம் 2,350 ரூபாய்தான் பிஎஃப் கணக்கில் சேரும்.

இதையே 35 வருடம் ஒரு மாதம்கூட விடாமல் கட்டுகிறோம், 8 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 54 லட்சம் ரூபாய் கிடைக்கும். பத்து வருடம் தள்ளி ஆரம்பித்தால் சுமார் 22 லட்சம்தான். சீக்கிரம் தொடங்குங்கள் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க முடியாது.

ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 35 வருடம் கழித்து வரும் அந்த 54 லட்சத்தின் இன்றைய மதிப்பு வெறும் 7 லட்சம். மாதம் 20,000 செலவு செய்தால் மூன்று வருடம்கூடத் தாங்காது.

சரி, பென்ஷன்? பென்ஷனுக்கான சம்பளத்தைப் பணிசெய்த ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 வரம்பில் 35 வருடம் வேலை செய்தவருக்கு மாதம் 7,500 ரூபாய். 20 வருடத்துக்கு மேல் பணிசெய்ததற்குக் கூடுதலாகத் தரும் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தாலும் 8,000ஐத் தாண்டாது. அதே விலைவாசிக் கணக்கில் இன்றைய மதிப்பு சுமார் 1,000 ரூபாய்.

நாங்கள் செய்யும் தவறு

பழியை முழுக்க அடுத்தவர் மேல் போடவும் முடியாது. முதல் வேலையை விட்டதும் அதிலிருந்த பிஎஃப் பணத்தை நான் எடுத்துவிட்டேன். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேறு வழி தெரியவில்லை. ஐந்து வருடத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு என்பதும், பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருடப் பணி வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து வருடம் சேரவே சேராது. யுஏஎன் எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

பிஎஃப்பே இல்லாதவர்கள்?

20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு பிஎஃப் சட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. துணிக்கடை, சின்ன அலுவலகம், உணவு டெலிவரி எனப் பெரிய கூட்டம் இதற்கு வெளியேதான் நிற்கிறது. டெலிவரி ஊழியர்களுக்காகத் தமிழக அரசு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் அது மாதாமாதம் சேரும் ஓய்வூதியம் ஆகாது.

வருமான வரி கட்டாதவர்கள் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 25 வயதில் சேர்ந்து மாதம் 376 ரூபாய் கட்டினால், 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் உறுதி. எதுவும் இல்லாததற்கு இது மேல். ஆனால் 35 வருடம் கழித்துக் கிடைக்கும் அந்த 5,000, இன்றைய கணக்கில் 650 ரூபாய்தான்.

பிள்ளைகள் பார்த்துக்க மாட்டாங்களா?

அப்பா அம்மாவின் தலைமுறைக்குப் பிள்ளைகள்தான் பென்ஷன். நாங்கள் ஊருக்கு அனுப்பும் அந்த 5,000 ரூபாயும் அதுதான். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். எங்களுக்கு வயதாகும்போது கைகொடுக்க ஒரு பிள்ளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அந்தப் பிள்ளையும் இதே வாடகை, இதே தவணையோடுதான் நிற்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், 15,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். ஒருமுறை உயர்த்திவிட்டு இன்னொரு பத்து வருடம் மறந்துவிடாமல், விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும்படி செய்ய வேண்டும். பென்ஷன் தொகைக்கும் இதே விதி வேண்டும். இரண்டாவது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், படிகள் என்ற பெயரில் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கி வைக்க முடியாது என்கின்றன. பேசிக்கைக் குறைத்துக் காட்டி பிஎஃப்பைக் குறைக்கும் வழக்கம் இதனால் நிற்கிறதா என்று அரசு கண்காணிக்க வேண்டும். மூன்றாவது, வாடகை முன்பணத்துக்கான மூன்று மாத வரம்பை ‘ஒப்பந்தம்’ என்ற ஓட்டை இல்லாமல் கறாராக்க வேண்டும்.

இளைஞர்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மிச்சமாவதே 1,500 ரூபாய் என்கிறபோது, அறிவுரை மட்டும் போதாது. இன்று இதைச் சரிசெய்யாவிட்டால், 2060ல் கையில் காசில்லாத முதியவர்களின் கூட்டத்தை அரசுதான் தாங்க வேண்டியிருக்கும்.

அதுவரை நம்மால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சம்பளச் சீட்டு வரும்போது கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பேசிக் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு என்று பாருங்கள். புரியவில்லை என்றால் எச்ஆரிடம் கேளுங்கள். அது உங்கள் பணம்.